கட்டியை உடைத்துப் பார்

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்தது. டெல்டாவில் கச்சா எண்ணெய் கசிந்த ஒரு வயலை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். எந்த பாக்டீரியாக் கலவை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய்.

அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் மண்வெட்டியோடு இறங்கி ஒரு கட்டியை உடை. தண்ணீர் பாய்ச்சிய பிறகும் உள்ளே பொடியாகத்தான் இருக்கும். எண்ணெய் ஊறிய மண்ணில் நீர் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். ஈரமும் காற்றும் புகாத கட்டிக்குள் எந்தக் கிருமிக்கும் வேலை ஓடாது.

எண்ணெய் தின்னும் கிருமிகள் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருக்கும். விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய, எண்ணெய் தின்னும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தனை பெயர் வாங்கிய கிருமி, எண்ணெய் சிந்திய இடம் எதிலும் இறக்கப்படவே இல்லை. 1989-ல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் தரைதட்டியபோது கரையில் பெரிய அளவில் தெளித்தது உரத்தைத்தான். அங்கே இருந்த கிருமிகளுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் போதவில்லை. அதற்காகக் கலவையே வாங்காதே என்று சொல்லவில்லை. மக்காச்சோளத் தக்கைப் பொடியில் ஏற்றித் தரும் டெரி நிறுவனத்தின் ஆயில்ஜாப்பர் கலவை எண்ணெய்ச் சகதிக்குப் பல இடங்களில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் பசியும் மூச்சுத்திணறலும் இருக்கும் வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பி என்ன பயன்?

கார்பன் 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்று எல்லோரும் ஒரு கணக்குச் சொல்வார்கள். யூரியாவை அந்தக் கணக்குப்படி ஒரேயடியாகக் கொட்டிவிடாதே. அம்மோனியா கண்ணை எரிக்கும், கிருமிகளும் சாகும். பிரித்துப் பிரித்துப் போடு.

என் முதல் வயலில் நான் ஏமாந்த கதை தெரியுமா? ஆறாவது வாரம் எண்ணெயளவு பாதியாகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, டிராக்டர்காரர் ஆழமாக உழுது அடியிலிருந்த சுத்த மண்ணை மேலே கலந்திருக்கிறார். எண்ணெய் எங்கும் போகவில்லை, பரவியிருந்தது, அவ்வளவுதான். எண்ணெயின் கூறுகள் முகடுகளாகத் தெரியும் ஆய்வகத் தாளில், பதினேழு கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலியின் முகடும் பிரிஸ்டேன் என்ற கூறின் முகடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முன்னதைக் கிருமிகள் சீக்கிரம் தின்னும். பிரிஸ்டேன் கிளைவிட்ட சங்கிலி, அதை மெதுவாகத்தான் தொடும். முன்னது மட்டும் வேகமாகக் குட்டையானால் கிருமிகள் தின்கின்றன என்று பொருள். என் தாளில் இரண்டும் ஒரே அளவாகக் குறைந்திருந்தன. அன்றைக்கு மொத்த அளவை மட்டும் பார்த்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

எதுவும் செய்யாத பாத்தி ஒன்றையும் ஓரமாக விட்டு வை. "அதை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். அவர் நிலம், வரத்தான் செய்வார். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று உட்கார வைத்துச் சொல். முடிந்தால் இரண்டு பாத்தி மண்ணையும் தொட்டிகளில் நிரப்பி, அவர் கையாலேயே பச்சைப்பயறு விதைக்கச் சொல்.

அடுத்த கடிதத்தில் அந்த இரண்டு முகடுகளின் அளவையும் எழுது. பயறு முளைத்ததா என்பதையும்.

அன்புடன்,
அக்கா