தைத்தால் மட்டும் போதுமா?
தோள்பட்டையின் பெருங்கிழிசலும் அறுவை சிகிச்சையும்

சட்டை கிழிந்தால் தைத்துக்கொள்கிறோம். தோள்பட்டைக்குள் தசைநாண் கிழிந்தால்? அதையும் தைத்துவிடலாமே என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். சிறிய கிழிசலுக்கு இவ்விடை பெரும்பாலும் பொருந்தும். பெருங்கிழிசலுக்குப் பல வேளைகளில் பொருந்துவதில்லை. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டத்தில் நீண்ட கோலைத் தூக்கிச் செம்பனைக் குலை அறுத்தவர்களும், கட்டுமானத் தளங்களில் கையை உயர்த்தி உழைத்தவர்களும் நம் குடும்பங்களில் உண்டு. மருத்துவர் கூறுவதை அவர்களுக்குத் தமிழில் எடுத்துரைக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் நாமே.

தோளின் அமைப்பு

மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து போன்றது. அது பொருந்தியிருக்கும் குழியோ ஆழமற்ற தட்டு. இவ்வமைப்பால்தான் கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிகிறது. இதனால்தான் பந்து எளிதில் நழுவவும் கூடும். அதை நடுவில் பிடித்துவைப்பவை நான்கு தசைகள்: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரீஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ். இவற்றின் தசைநாண்கள் ஒன்றுசேர்ந்து பந்தைக் கவிந்திருப்பதையே ரொட்டேட்டர் கஃப் என்கிறோம்.

கையை உயர்த்தும் பெருந்தசை டெல்டாய்ட். அது மேல்நோக்கி இழுக்கும்போது, பந்து மேலே ஏறிவிடாமல் ரொட்டேட்டர் கஃப் அழுத்திப் பிடிக்கிறது. பிடி முற்றாக விட்டுப்போனால் பந்து மேலேறி, தோளின் கூரை போன்ற எலும்பில் உரசும். கை உயராது. நாளடைவில் மூட்டும் தேயும்.

அளவைவிட முக்கியமானது எது?

கிழிசல் 5 செண்டிமீட்டரைத் தாண்டினால் பெருங்கிழிசல் என்பது அமெரிக்க மருத்துவர் கோஃபீல்டின் வரையறை. இரண்டோ அதற்கு மேற்பட்டோ தசைநாண்கள் முழுமையாக அறுந்திருந்தால் அவ்வாறு கொள்ள வேண்டும் என்பார் சுவிட்சர்லாந்தின் கெர்பர்.

ஆனால், அளவு மட்டும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. எலும்பிலிருந்து அறுந்த தசை வேலையின்றிச் சுருங்குகிறது. அதனுள் கொழுப்பு படிகிறது. 1994இல் பிரான்சின் கூட்டலியேர் இப்படிவை 0 முதல் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். மூன்றாம் நிலையில் தசையும் கொழுப்பும் சம அளவு. நான்காம் நிலையில் கொழுப்பே அதிகம். தைத்த பின்னரும் இக்கொழுப்பு பெரும்பாலும் மறைவதில்லை. ஆகவே, தைக்கத் துணி இருக்கிறதா என்பதோடு, தைத்தால் இழுப்பதற்குத் தசை எஞ்சியிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

தையலும் அதன் எல்லையும்

பாஸ்டன் நகர மருத்துவர் காட்மன் 1909இல் இத்தையலைச் செய்து, 1911இல் அதைப் பற்றி எழுதினார். இன்று சிறு துளைகள் வழியே கேமராக் குழாயைச் செலுத்தி, எலும்பில் நங்கூரம் போன்ற சிறு முளைகளைப் பதித்து, அவற்றின் நூலால் தசைநாணை இழுத்துக் கட்டுகின்றனர்.

இழுத்துக் கட்டலாம், ஒட்டுமா? 2004இல் அமெரிக்காவில் கலாட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு தைக்கப்பட்ட 18 பெரிய கிழிசல்களில் 17இல் மீண்டும் கிழிசல் காணப்பட்டது. ஆயினும், முதலாண்டில் அந்நோயாளிகளின் வலி குறைந்து கை இயக்கம் மேம்பட்டிருந்தது. பிற்கால ஆய்வுகள் பலவற்றில் முடிவுகள் இதைவிட நன்றாக உள்ளன. எனினும் வயது, புகைப்பழக்கம், கட்டுப்படாத நீரிழிவு, கொழுப்புப் படிவு ஆகியவை கூடக்கூட மறுகிழிசல் வாய்ப்பும் கூடுகிறது.

தைக்க இயலாதபோது

முதல் வழி, பகுதித் தையல். முழுவதும் மூட முடியாவிட்டாலும் முன்புறமும் பின்புறமும் உள்ள தசைநாண்களைச் சீர்செய்தால், பந்தை நடுவில் நிறுத்தும் சமநிலை ஓரளவு மீளும்.

இரண்டாவது, தசைநாண் மாற்றம். முதுகின் அகன்ற தசையான லாட்டிசிமஸ் டோர்சியின் நாணைப் பிரித்து மேற்கை எலும்பின் தலையில் பொருத்தும் முறையை 1988இல் கெர்பர் வெளியிட்டார். மூட்டுத் தேய்மானம் இல்லாத, வயது குறைந்தவர்களுக்கு இது உதவும்.

மூன்றாவது, மேலுறை மீளமைப்பு. ஜப்பானின் மிஹாத்தா, நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த தசையுறையைக் குழியின் மேல்விளிம்புக்கும் பந்துக்கும் இடையே கூரைபோல் கட்டினார். 2013இல் அவர் வெளியிட்ட 24 தோள்களின் முடிவுகளில், கை உயரும் கோணம் சராசரியாக 84 பாகையிலிருந்து 148 பாகைக்கு ஏறியது.

நான்காவது, தலைகீழ் மூட்டு மாற்று. 1980களில் பிரான்சின் கிராமோன் வடிவமைத்தது இது. குழி இருந்த இடத்தில் பந்தையும் பந்து இருந்த இடத்தில் குழியையும் வைத்தார். சுழற்சி மையம் உள்ளும் கீழும் நகர்வதால், ரொட்டேட்டர் கஃப் இல்லாமலேயே டெல்டாய்ட் கையை உயர்த்துகிறது. மூட்டும் தேய்ந்துபோன முதியவர்களுக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது. டெல்டாய்ட் இயங்காவிட்டால் இது பயன்படாது.

புதுமை யாவும் நன்மை என்றும் சொல்வதற்கில்லை. எலும்புகளுக்கிடையே உப்புநீர் நிரப்பிய, நாளடைவில் கரையும் பலூனை வைக்கும் முறை பரவியது. பிரிட்டனில் 117 நோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியான சோதனையில், பலூன் வைக்காமல் சுத்தம் மட்டும் செய்யப்பட்டவர்களே கூடுதல் நலம் பெற்றனர்.

நாம் செய்யக்கூடியது

எல்லாப் பெருங்கிழிசலுக்கும் கத்தி தேவையில்லை. அன்றாடத் தேவைகள் குறைந்த முதியவர் பலருக்கு, டெல்டாய்டை வலுவாக்கும் பயிற்சியே போதுமானதாக அமைகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் பொறுமை வேண்டும். தையலுக்குப் பின் கையைச் சுமார் ஆறு வாரம் தூளியில் தொங்கவிட வேண்டும். வலுவூட்டும் பயிற்சிகள் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பிறகே தொடங்கும்.

வீட்டில் எவருக்கேனும் கை உயரவில்லையெனில் ஒன்றைக் கவனியுங்கள். தாமாக உயர்த்த முடியாத கையைப் பிறர் மெல்லத் தூக்கினால் உயர்கிறதா? உயர்ந்தால் கிழிசலாக இருக்கலாம். பிறர் தூக்கினாலும் உயராவிட்டால் அது உறைந்த தோளாக இருக்கலாம். இது ஒரு குறிப்பு மட்டுமே. உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். குறிப்பாக, விழுந்த பின் திடீரென்று கை உயராமற் போனால் தைலம் தேய்த்து மாதங்களைக் கடத்தலாகாது.

மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை தசைநாண்கள் அறுந்துள்ளன? தசையில் கொழுப்பு எந்த நிலையில் உள்ளது? மூட்டு தேய்ந்துள்ளதா? இம்மூன்றின் விடையே எந்தச் சிகிச்சை என்பதைப் பெரிதும் முடிவுசெய்யும். "வயதானால் அப்படித்தான்" என்று நாம் ஒதுக்கிவிடும் ஒவ்வொரு மாதமும், தைக்கக்கூடிய கிழிசலைத் தைக்க முடியாத கிழிசலாக மாற்றிவிடக்கூடும்.