கூடாரத்தில் காகம் எச்சமிட்டால்

சல்லிக் கடற்கரையில் கூடாரம் அடிக்க வரும் தம்பி, தங்கச்சிமாரே, இடம் பார்க்கும்போது முதலில் மரத்தடி மண்ணைப் பாருங்கோ. சருகில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்துக் கிடந்தால், பொழுதுபட அந்த மரத்தில் காகங்களும் மைனாக்களும் வந்து அடையும். நிழல் எவ்வளவு நல்லாயிருந்தாலும் விட்டு விலகுங்கோ. கரைவலை இழுத்து மீன் பிரிக்கிற இடமும் வாடிப் பக்கமும் வேண்டாம். மீன் கழிவு விழும் இடத்தைக் காகமும் செம்பருந்தும் சுற்றத்தான் செய்யும், அது அதுகளின் சாப்பாடு. கல்லெறிந்து கலைக்கவும் வேண்டாம். நிலாவெளிக்கு எதிரே தெரியும் புறாத்தீவு, அங்கே வாழும் மாடப்புறாக்களால் பெயர் பெற்றது. 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவும் ஆனது. இந்தக் கரை பறவைகளுக்கும் சொந்தம்.

வேறு இடம் கிடைக்காவிட்டால் கூடாரத்துக்கு மேலே ஒரு தறப்பாளைச் சரிவாக இழுத்துக் கட்டுங்கோ. 2004 சுனாமிக்குப் பிறகு தறப்பாளுக்குக் கீழே குடித்தனம் நடத்தின சனங்கள் இந்தக் கரையோரத்தில் இருக்கினம். எப்படிக் கட்டுவது என்று கேட்டால் நல்லாய்ச் சொல்லித் தருவினம். கூடாரத் துணியில் முட்டாமல் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். எச்சமும் வெயிலும் தறப்பாளோடு போகும்.

அப்படியும் துணியில் விழுந்துவிட்டால் அவசரப்பட்டுத் தேய்க்கக் கூடாது. பறவைகள் சலம் தனியாகப் பெய்வதில்லை. அந்தக் கழிவு யூரிக் அமிலமாக, வெள்ளைப் பசையாக எச்சத்தோடு வருகிறது. அது தண்ணியில் லேசில் கரையாது. துணியிலே தண்ணி ஒட்டாமல் வெளியே ஒரு பூச்சும், ஊறி இறங்காமல் உள்ளே பொலியூரித்தேன் பூச்சும் இருக்கும். காய்ந்து இறுகின எச்சத்தை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டினால் பூச்சும் சேர்ந்து உரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் விழுந்தது மத்தியானத்துக்குள் ஓடாகிவிடும். அதனால் கண்ட உடனே தண்ணி ஊற்றிக் கழுவுங்கோ.

காய்ந்துவிட்டதா? முதலில் மணலை உதறுங்கோ, மணலோடு தேய்த்தால் துணி கீறும். பழைய துவாய்த் துண்டை நல்லாய் நனைத்து எச்சத்தின் மேல் போட்டு, பதினைந்து இருபது நிமிடம் ஈரம் காயாமல் விடுங்கோ. ஊறினபின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்தால் பரவாமல் கழன்று வரும். மிச்சத்துக்குக் குழந்தைப்பிள்ளைச் சவர்க்காரத்தை இளஞ்சூட்டுத் தண்ணியில் கரைத்து, மெல்லிய பஞ்சால் துடைத்தால் போதும். சலவைத் தூள், பிளீச், கொதிதண்ணி, வோஷிங் மெஷின் நாலும் பூச்சுக்குக் கேடு. அவசரத்துக்குக் கடல் தண்ணியில் கழுவினால், உப்புப் படியாமல் பிறகு கிணற்றுத் தண்ணியில் அலசுங்கோ.

காய்ந்த எச்சத்தைத் தட்டி உதறவே கூடாது. அந்தத் தூசி மூச்சோடு போனால் சிட்டகோசிஸ் போன்ற நுரையீரல் தொற்று வரலாம். நனைத்த பிறகே தொடுங்கோ. கையுறையும் போடுங்கோ, வேலை முடிய சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கோ. பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை விட வேண்டாம்.

நாவற்பழம் தின்ற பறவை ஊதாக் கறை விட்டுப் போகும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கறை இருந்தால் கூடாரம் ஒழுகாது, பூச்சுப் போனால்தான் ஒழுகும். கழுவின இடத்தில் தண்ணி தெளித்துப் பாருங்கோ. முத்து முத்தாக உருண்டோடினால் வெளிப்பூச்சு நல்லாயிருக்கு. துணி குடித்து நிறம் கறுத்தால், கூடாரத் துணிக்கென்று விற்கும் நீர்விலக்கு ஸ்பிரேயை அதில் எழுதியிருக்கிறபடி அடியுங்கோ.

காயப்போடுவது நிழலில், காற்றோட்டத்தில். நேர் வெயிலின் புற ஊதாக் கதிர் நைலோனை நாளடைவில் இற்றுப்போகச் செய்யும். தையல் ஓரங்களையும் கதவு மடிப்பையும் கையால் தடவிப் பாருங்கோ, ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், உட்பூச்சும் பிசுபிசுத்து நாறும். வாடை மழைக்கு முன்னம் எடுத்து வைக்கிறவர்கள் இறுக்கிச் சுருட்டாமல், பழைய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு, நிலத்தில் படாமல் அலுமாரிக்குள் வையுங்கோ.