ஐப்பசிக்கு முன்னால் கோழிக்கூடு

அன்புள்ள தங்கைக்கு,

கூட்டின் படங்கள் வந்து சேர்ந்தன. நான்கு பக்கமும் நீலத் தார்ப்பாய், உள்ளே நூறு வாட் பல்பு, தரையில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். பனி கொட்டும் தேசத்துக்காரர்கள் குளிர்காலத்துக்குக் கூட்டைத் தயார் செய்யும் காணொளிகளைப் பார்த்துச் செய்ததாக எழுதியிருக்கிறாய். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐப்பசி மழை இறங்குவதற்குள் அந்தத் தார்ப்பாயில் பாதியைக் கழற்றிவிடு. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நாட்டுக்கோழியில் இறங்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

வளர்ந்த கோழிக்குக் குளிர் பெரிய விஷயமே இல்லை. அதன் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகைச் சிலுப்பிக் காற்றை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துவிட்டால் ராத்திரியைக் கழித்துவிடும். நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் 20 டிகிரி மார்கழி விடியல் அதற்குச் சுகமான நேரம். சித்திரை வெயிலில்தான் நம் கோழிகள் வாயைப் பிளக்கின்றன.

பனி பெய்யும் ஊரிலும் கதை இதுதான். பிரின்ஸ் வுட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1912-லேயே திறந்தவெளிக் கோழிக்கூடுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தெற்கு முகப்பைத் திறந்து வைத்து, மற்ற மூன்று பக்கத்தையும் அடைத்த கூடு அவருடையது. மூடிய கூட்டில் கோழியின் மூச்சும் எச்சமும் விடும் ஈரம் வெளியேற வழியின்றிக் கூரையின் உட்புறத்தில் நீராகப் படிந்து சொட்டும். நனைந்த கொண்டைதான் உறைபனியில் முதலில் கருகும். நல்ல காணொளி என்றால் மேலே காற்றுப்போக்கி விடச் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தை நீ தள்ளி ஓட்டியிருப்பாய் என்பது என் சந்தேகம்!

நமக்குப் பனிக்கட்டி இல்லை, தண்ணீர் இருக்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் கொட்டும். உன் கொல்லையோ கரிசல். ஒரு மழை குடித்தால் வாரக் கணக்கில் விடாது. ஆகவே முதல் வேலை தரை. கூட்டுக்குள்ளே ஒன்றரை அடிக்கு மேடாக்கு. கரிசலையே வெட்டிப் போட்டு மேடாக்காதே. கிராவலோ கிரஷர் தூளோ போடு. கல் குவாரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? சுற்றிலும் ஒரு வாய்க்கால் பறித்துச் சரிவாக இழுத்துவிடு. கூரை விளிம்பு சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. அந்தச் செலவில் மட்டும் கை இழுக்காதே.

வைக்கோலை எடுத்துவிடு. நனைந்தால் பாளம் பாளமாக இறுகி உள்ளே பூஞ்சை பிடிக்கும். நெல் உமியோ கடலைத்தோலோ நாலு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி, தினம் ஒருமுறை கிளறிவிடு. காலையில் கதவைத் திறந்ததும் கூட்டுக்குள் குந்தி, கோழியின் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சு இழுத்துப் பார். கண் எரிந்தால், அமோனியா. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. எரிகிற கூட்டில் ஈரமும் நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டை ஒன்றிரண்டு நாளில் முற்றி, கொத்துகிற குஞ்சின் வயிற்றுக்குள் போகும். கழிச்சல் கண்ட பிறகு மருந்துக்கு அலைவதைவிட உமி மாற்றுவது மலிவு.

இந்தப் பருவத்தில் காற்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். அந்த இரண்டு பக்கத்திலும் சாக்குப் படுதா கட்டு. அடியில் இழுத்துக் கட்டி, உச்சியில் ஓரடி திறந்துவிடு. தெற்கும் மேற்கும் வலை மட்டும் போதும், அதுவும் அரை அங்குலக் கண் வலையாக இருக்கட்டும். மழையில் கீரியும் பாம்பும் காய்ந்த இடம் தேடி வரும். காலையில் படுதாவைச் சுருட்டிவிட மறக்காதே.

குஞ்சுக் கணக்கு வேறு. அதற்கு இறகு இல்லை, குளிர் கொல்லும். முதல் வாரம் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வா. குஞ்சுக்கு இரண்டு வாட் என்று பல்பு போட்டால் உன் நூறு வாட் ஐம்பது குஞ்சுக்குச் சரி. பெரிய கோழிக்கு அது வீண் மின்கட்டணம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சையே பார். பல்புக்கடியில் அப்பிக் கிடந்தால் சூடு போதாது, ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் அதிகம், பரவலாக மேய்ந்தால் சரி. மழையில் கரண்ட் போகும்போது மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பை வைத்துவிடாதே. புகை தெரியாமலே குஞ்சும் சாகும், கூட இருக்கும் ஆளும் சாவார். தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து அடுப்படி மூலையில் வைப்பதே போதும். நான் சொல்வதானால், ஐப்பசி, கார்த்திகையில் அடையே வைக்காதே. 21 நாள் கணக்குப் போட்டு, மார்கழி நடுவில் முட்டை வை. பொங்கல் கழிந்ததும் குஞ்சு பொரிக்கும், வெயில் அதற்குத் துணை.

முட்டை குறைகிறது என்று விளக்குப் போட்டுப் பகலை நீட்டும் யோசனை உனக்கு வேண்டாம். கனடாவில் டிசம்பர்ப் பகல் ஒன்பது மணி நேரத்துக்குக் கீழே போகிறது, அவர்கள் போடுகிறார்கள். நமக்கு ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் கிடைக்கிறது.

தீனியில் கவனம் வை. நம்மூர் மக்காச்சோள ஊர். சென்ற வருஷத்து மூட்டை மழைக்காலத்தில் வியர்க்கும். தை அறுவடைக் கதிரோ பனியில் நனைந்து வரும். இரண்டிலும் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். அதன் நஞ்சு அஃப்லடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகத்துக்கு அது தெரிந்தது. காரணம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. பல்லில் கடித்தால் டக்கென்று உடையும் சோளத்தை மட்டும் மூட்டை கட்டு. மூட்டை தரையைத் தொடாமல் பலகைமேல் இருக்கட்டும். பூஞ்சை கண்டதைக் கழுவிக் காயவைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, குப்பையில் கொட்டு.

மழை ஓய்ந்தால் கொசு. கோழி அம்மையைப் பரப்புவது அதுதான். தேங்கிய தண்ணீரை வடித்துவிடு. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்த பிறகே கூட்டில் சேர்.

பனி விலகி வெயில் ஏறும்போது வருவது வெள்ளைக்கழிச்சல். வந்தால் கூடே காலி. மருந்து கிடையாது, தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. கால்நடைத் துறை பிப்ரவரியில் இலவச முகாம் நடத்தும். சந்தேகம் வந்தால் நீ எங்கும் ஓட வேண்டாம், ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையம் வாலிகண்டபுரத்திலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முகாமுக்கு உன் கோழிகளை மட்டும் கூடையில் தூக்கிக்கொண்டு போகாதே. நம் தெருவில் எல்லார் கோழியும் ஒரே குப்பைமேட்டில்தான் மேய்கிறது. பக்கத்து வீட்டு அக்காக்களிடமும் எதிர்வீட்டு ஆயாவிடமும் முந்தின நாளே சொல்லி வைத்து, அவர்கள் கோழிகளையும் சேர்த்துக் கொண்டு போ.

அன்புடன்,
உன் அண்ணன்