ஓவர்கிளாக்கிங்: மதர்போர்டு தாங்குமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் "ஓவர்கிளாக் செய்தால் பிராசசர் வேகம் கூடுமாமே?" என்று கேட்கிறார்கள். கூடும். ஆனால் அதற்கான மின்சாரத்தை மதர்போர்டு தர வேண்டுமே!

ரைசன் 5 3600 பிராசசரை எடுத்துக் கொள்வோம். இதன் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஆறு கோர்களையும் 4.2-க்கு ஏற்றி, அதற்காக 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினால் வேகம் 17 சதவீதம் கூடும். மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவதால் ஏறக்குறைய 48 சதவீதம் எகிறும். வழக்கமாக இந்த பிராசசர் 88 வாட்டைத் தாண்டாது. வேகத்தை நீங்களே நிர்ணயித்தால் அந்தக் காவல் விலகிவிடும்.

பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டைக் குறைத்துத் தருபவை சாக்கெட் அருகே வரிசையாக உள்ள மாஸ்பெட்கள். 100 வாட்டை 1.25 வோல்ட்டில் தர 80 ஆம்பியர் பாய வேண்டும், அவை கொதிக்கும். அவற்றின் மேல் ஹீட்சிங்க் இல்லாத போர்டில் முயலாதீர்கள். கல்லூரி நாட்களில் நான் முயன்றேன். ஒரு மே மாத மதியம் அணைந்த போர்டு பிறகு எழவே இல்லை. (அப்பாவிடம் மின்வெட்டின் மேல் பழி போட்டேன்.) இப்படிப் பழுதானால் வாரண்டியும் கிடைக்காது.

ஏ320 சிப்செட் போர்டுகளில் ஓவர்கிளாக்கிங் வசதியே இல்லை, பி450-இல் உண்டு. பயாஸில் வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள், போர்டு தன் இஷ்டத்திற்கு ஏற்றிவிடும். 1.25-இல் நிறுத்தி, மல்டிபிளையரை மட்டும் கால் கால் படியாக உயர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் பிரைம்95-ஐ அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். 85 டிகிரியைத் தாண்டினாலோ, கம்ப்யூட்டர் உறைந்தாலோ ஒரு படி இறங்கி விடுங்கள்.

திரையே வரவில்லையா? பயப்படாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்து, மேனுவலில் காட்டியுள்ள கிளியர் சிமாஸ் ஜம்பரைச் சில விநாடிகள் இணைத்தால் பழைய அமைப்பு திரும்பிவிடும்.