வனவிலங்கு, தாவரத் தேசப்படங்களைச் சேகரித்தல்
(கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு பாடம்)

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஆப்பிரிக்காவின்மீது ஒட்டகச்சிவிங்கியும், ஆஸ்திரேலியாவின்மீது கங்காருவும், தென் துருவத்தருகே பெங்குவினும் தீட்டப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எழுத்தறியாத சிறுவனும் அத்தகைய படத்தின் முன் சற்று நின்றுவிடுகிறான். ஆகவே, சித்திரத் தேசப்படங்களைத் தேடிச் சேர்த்து வைப்பது ஆசிரியர்க்கும் கள ஊழியர்க்கும் பயன் தரும் வேலையேயாகும்.

ஆனால் மும்பையில் தாராவியிலோ, மாதுங்காவிலோ, செம்பூரிலோ வகுப்பு நடத்தும் ஆசிரியரிடம் ஒரு மாணவன் கேட்கக்கூடும்: “சார், இந்தப் படத்தில் நம் இடத்தில் ஏன் ஒன்றுமே போடவில்லை?” இக்கேள்விக்கு விடையளிக்க வேண்டுமானால், படத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஆண்டில், எந்த அளவையில், எதை ஆதாரமாகக் கொண்டு வரையப்பட்டது என்னும் மூன்று செய்திகளை ஒவ்வொரு படத்தின்மீதும் குறித்து வைப்பதே இச்சேகரிப்பின் உயிர்நாடி. அதன் காரணத்தை இப்பாடத்தில் காண்போம்.

1. படங்களின் வகைகள்

நிலத்தை அதன் உயிர்களைக் கொண்டு அடையாளங் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. ஐந்திணைகளுக்கும் உரிய விலங்கு, மரம், பறவை முதலியவற்றைத் தொல்காப்பியம் கருப்பொருள் எனத் தொகுத்துக் கூறுகிறது. அந்த எண்ணத்தைத் தாளில் வரைந்தால் கிடைப்பது இன்றைய சித்திரத் தேசப்படம் எனலாம்.

நம் கைக்குக் கிடைக்கும் படங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, சித்திரப் படம். இதில் ஒரு புலியின் உருவம் ஒரு பெரும் பிரதேசத்திற்குப் பிரதிநிதியாக நிற்கிறது. அவ்வுருவம் உள்ள இடத்தில்தான் புலி உண்டு என்று கொள்ளலாகாது. இரண்டாவது, பரவல் படம். ஒரே இனம் வாழும் எல்லையை வண்ணம் தீட்டியோ புள்ளியிட்டோ காட்டுவது இது. மூன்றாவது, தாவரப் போர்வைப் படம். காடு, புதர், புல்வெளி, சதுப்பு ஆகியவற்றை நிறங்களால் வேறுபடுத்திக் காட்டுவது.

இவற்றின் வரலாறு நீண்டது. ஜெர்மனியில் பெர்க்ஹவுஸ் என்பவர் 1838-இல் வெளியிடத் தொடங்கிய இயற்கைப் படத்தொகுதியில் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 1876-இல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், உலக நிலப்பரப்பை விலங்குகளின் அடிப்படையில் ஆறு மண்டலங்களாகப் பிரித்துப் படத்துடன் நூல் வெளியிட்டார். இந்தியாவின் பெரும்பகுதி அதில் கீழ்த்திசை மண்டலத்தில் அடங்கும். 2001-இல் விஞ்ஞானிகள் வெளியிட்ட படமொன்று உலக நிலப்பரப்பை 867 சூழல் வட்டாரங்களாகப் பகுத்தது. 2017-இல் திருத்தப்பட்டபோது அவ்வெண் 846 ஆயிற்று. பூமி அதேதான், நமது அறிவு மாறுந்தோறும் படமும் மாறுகிறது.

2. ஆண்டு இல்லாத படம்

சிவிங்கிப்புலியை எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் அது தக்காணத்திலும் மத்திய இந்தியாவிலும் வாழ்ந்தது. 1947-இல் கோரியா சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிப்புலிகள் சுடப்பட்டன. 1952-இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்திலுள்ள குனோ பூங்காவில் விடப்பட்டன.

இப்போது மூன்று படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் படமொன்றில் தக்காணத்தின்மீது சிவிங்கிப்புலி இருக்கலாம். 1960-களின் படத்தில் அது இராது. இன்றைய படத்தில் நாட்டின் நடுவே ஒரு சிறு புள்ளியாகத் தோன்றும். மூன்றும் தத்தம் காலத்தில் சரியானவையே. ஆண்டு குறிக்கப்படாவிடில் மூன்றும் மாணவனைக் குழப்பும். ஆண்டு குறித்து வரிசைப்படுத்தினாலோ, ஓர் இனம் அழிந்த கதையையும் அதை மீட்க நடைபெறும் முயற்சியையும் அவையே சொல்லிவிடும். ஆதலால் பழைய படத்தைத் தவறானதென்று எறிந்துவிடலாகாது.

3. அளவையும் அதன் எல்லையும்

மாணவனின் கேள்விக்கு முதல் விடை அளவையில் இருக்கிறது. 10 லட்சத்தில் 1 என்னும் அளவையில், படத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர் ஆகும். தாராவியின் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எனவே அப்படத்தில் தாராவி முழுவதும் கடுகளவு இடத்தில் அடங்கிவிடும்.

தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவைக் கருதுவோம். முன்பு நகரக் குப்பையைக் கொட்டிவந்த அந்நிலத்தில் 1983 முதல் மரங்கள் நடப்பட்டன. 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 37 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 15 எக்டேர். அதை ஒரு சதுரமாகக் கொண்டால் ஒரு பக்கம் சுமார் 390 மீட்டர். அச்சதுரத்தின் பக்கம்,

10 லட்சத்தில் 1 அளவைப் படத்தில் 0.4 மில்லிமீட்டர்;
50 ஆயிரத்தில் 1 அளவைப் படத்தில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்;
5 ஆயிரத்தில் 1 அளவைப் படத்தில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர்.

முதற்படத்தில் பூங்காவே தெரியாது. இரண்டாவதில் ஒரு பச்சைத் திட்டாகத் தெரியும். மூன்றாவதில் குளத்தையும் பாதையையும் மரக்கூட்டத்தையும் வரையலாம். உலகப் படத்தில் நம் இடம் வெறுமையாக இருப்பது அங்கு உயிர்கள் இல்லை என்பதற்குச் சான்றன்று. இதை மாணவர்க்குக் கணக்கிட்டே காட்டிவிடலாம்.

4. தாவரப் போர்வைப் படத்தின் நிறங்கள்

இந்தியாவைப் பற்றிய தாவரப் படங்களுள் சேகரிப்போர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. 1955-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து, 10 லட்சத்தில் 1 அளவையில் 12 தாள்களை வெளியிட்டது. முதல் தாள் கன்னியாகுமரிக்குரியது, 1961-இல் வெளிவந்தது. பம்பாய்த் தாளும் இவ்வரிசையில் ஒன்று. ஹான்ரி கோசன், லெக்ரீ, வியார், மெஹர்-ஹோம்ஜி முதலியோர் இப்பணியில் ஈடுபட்ட அறிஞர்கள்.

இத்தாள்களில் நிறமே ஒரு மொழியாக அமைந்துள்ளது. ஈரம் மிகுந்த இடங்கள் நீலத்தையும், வறண்ட இடங்கள் மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களையும் சார்ந்து நிற்கும். காடு முழு நிறமாகவும், புதர் கோடுகளாகவும், புல்வெளி புள்ளிகளாகவும் காட்டப்படும். ஓரத்தில் மண், பாறை, தட்பவெப்பம், வேளாண்மை முதலியவற்றுக்குரிய சிறு படங்களும் உண்டு.

ஓர் ஐயம் எழலாம். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அப்படியிருந்தும் அருகிலுள்ள காடுகளில் பல மரங்கள் கோடையில் இலையுதிர்ப்பது ஏன்? கோசனும் பன்யூலும் வகுத்த எளிய விதி இதற்கு விடை தருகிறது. ஒரு மாதத்தின் மழையளவு (மில்லிமீட்டரில்), அம்மாதத்தின் சராசரி வெப்பநிலையைப் (செல்சியஸ் பாகையில்) போல இரு மடங்கிற்கு மிகாவிடில், அது வறண்ட மாதம். வெப்பநிலை 27 பாகையாயின் 54 மில்லிமீட்டருக்கு மிகாத மழை பெறும் மாதம் வறண்டது. இதன்படி மும்பையில் நவம்பர் முதல் மே வரை ஏழு மாதங்கள் வறண்டவை. மழையின் மொத்த அளவோடு, வறட்சி எத்தனை மாதம் நீடிக்கிறது என்பதும் காட்டின் தன்மையை நிர்ணயிக்கிறது. வருடாந்தர மழைப் படத்தை மட்டும் சேர்த்து வைத்திருப்பவர் இவ்வுண்மையை அறிய இயலாது.

மேலும் ஒன்று. சில படங்கள் இன்று தரையில் உள்ள தாவரங்களைக் காட்டும். வேறு சில, மனிதன் தலையிடாதிருந்தால் எவை வளரக்கூடும் என்பதைக் காட்டும். இரண்டாம் வகைப் படத்தை முதல் வகை என்று எண்ணிப் படித்தால், வெட்டப்பட்டுவிட்ட காட்டையும் இருப்பதாகவே கருத நேரிடும். குறியீட்டு விளக்கத்தைப் படித்த பின்னரே நிறங்களைப் பார்க்க வேண்டும்.

5. படத்தில் விடுபட்டால் நேர்வது என்ன?

இப்பாடம் வகுப்பறையோடு முடிவதன்று. மாஹிம் கழியின் ஓரத்திலும், செம்பூரை அடுத்த மாஹுல், டிராம்பே கரைகளிலும் கண்டல் காடுகள் உள்ளன. அவற்றுள் வெண்கண்டலே மிகுதி. பிச்சாவரத்தையோ முத்துப்பேட்டையையோ கண்ட தமிழர்க்கு இவ்வலையாத்திக் காடுகள் அந்நியமானவையல்ல. இவை அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கும் இறால்களுக்கும் நாற்றங்காலாக விளங்குகின்றன.

2005 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், மகாராஷ்டிரம் முழுவதும் கண்டல்களை அழிப்பதற்கும், அவற்றைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதற்கும் தடை விதித்தது. கண்டல் நிலங்களைத் தேசப்படமாக வரையவும், அரசு நிலங்களில் உள்ளவற்றைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கவும் ஆணையிட்டது. 2012-இல் மாநில வனத்துறையில் கண்டலுக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. 2018-இல் வந்த இறுதித் தீர்ப்பு இப்பாதுகாப்பை உறுதிப்படுத்தியது.

இதன் பொருளைக் கள ஊழியர் கவனிக்க வேண்டும். படத்தில் பச்சைத் திட்டாகக் குறிக்கப்பட்ட கண்டலுக்குச் சான்று உண்டு. மிகச் சிறியது என்பதாலோ, அளவை போதாமையாலோ விடுபட்ட கண்டலுக்காக வாதாடுவது கடினம். சிறு திட்டுகளைத் தரையில் நடந்து சரிபார்க்கும் ஊழியரின் குறிப்பேடே அங்குத் துணை.

பூநாரைகளின் நிலையும் சிந்திக்கத் தக்கது. தாணே கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 1,690 எக்டேர். 2022-இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலயம் ஐரோலிப் பாலத்திற்கும் வாஷிப் பாலத்திற்கும் இடையில் அமைந்தது. பூநாரைகளோ, தெற்கே மாஹுல், சிவ்ரி சேற்று நிலங்களிலும் இரை தேடுகின்றன. சட்டத்தின் எல்லைப் படத்தையும் பறவையின் பரவல் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் எந்த நிலம் காவலின்றி நிற்கிறது என்பது புலனாகும்.

6. சேகரிக்கும் முறை

(அ) தேடுமிடம்: கொல்கத்தாவில் 1956-இல் நிறுவப்பட்ட தேசியப் படத்தொகுதி நிறுவனத்தின் வெளியீடுகள், இந்திய நில அளவைத் துறையின் தாள்கள், இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் வெளியிட்டு வரும் வனநிலை அறிக்கைகள் ஆகியவை அடிப்படையானவை. 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மும்பை ஆசிரியர்க்கு அருகிலேயே உள்ளது. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளையும் பார்த்துவர வேண்டும். பழைய சஞ்சிகைகளின் இணைப்புப் படங்கள் இத்தகைய கடைகளில் கிடைப்பதுண்டு.

(ஆ) பதிவேடு: ஒவ்வொரு படத்திற்கும் வரிசை எண், தலைப்பு, வெளியிட்டோர், ஆண்டு, அளவை, ஆதாரம், கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றை எழுதுக. ஆண்டு தெரியாவிடில் “ஆண்டில்லை” என்றே எழுதுக, ஊகித்து எழுதற்க.

(இ) பாதுகாப்பு: கிழியும் தாளுக்குப் பின்புறம் மெல்லிய துணி ஒட்டலாம். மடித்து வைப்பின் மடிப்பு இழைகள் முறியும். ஆதலால் தட்டையாகவோ தளர்வாகச் சுருட்டியோ வைக்க வேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும். சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல், செப்டம்பருக்குப்பின் நிழலில் விரித்துக் காற்றாட விடுக. வெயிலில் நிறம் வெளிறிவிடும். மூலப்படத்தின்மீது எழுதாமல், மெழுகுத்தாளை மேலே விரித்து அதில் குறிக்கவும்.

7. வகுப்பில் செய்ய வேண்டியவை

(1) மாதுங்காவின் தெருவொன்றில் தூங்குமூஞ்சி மரத்தையும் குல்மோகரையும் மாணவர் இனங்காணட்டும். முன்னதன் தாயகம் அமெரிக்க வெப்ப மண்டலம். பின்னதன் தாயகம் மடகாஸ்கர். உலகப் படத்தில் அவ்விடங்களிலிருந்து மும்பைக்கு நூல் கட்டுக.

(2) பள்ளியைச் சுற்றி அரைக் கிலோமீட்டர் பரப்பை 5 ஆயிரத்தில் 1 அளவையில் மாணவரே வரையட்டும். கண்ட மரம், பறவை, விலங்குகளைத் தாங்களே சித்திரமாகத் தீட்டுக. காணாத எதையும் சேர்க்கலாகாது.

(3) அப்படத்தின் மூலையில் ஆண்டு, அளவை, ஆதாரம் மூன்றையும் எழுதிப் பதிவேட்டில் சேர்க்கவும். அடுத்த ஆண்டு வகுப்பினர் மீண்டும் வரைந்து ஒப்பிடட்டும்.

“நம் இடத்தில் ஏன் ஒன்றுமே போடவில்லை?” என்று கேட்ட மாணவனுக்கு இப்படமே முழு விடையாகும். உலகப் படத்தில் கடுகளவான தன் இடத்தில் வாழும் உயிர்களை அவன் தன் கையாலேயே குறித்திருப்பான். பல ஆண்டுகள் கழித்து, ஒரு கண்டல் திட்டோ ஒரு சாலை மரமோ அங்கு இருந்ததா என்னும் கேள்வி எழுமாயின், தேதியிட்ட அத்தாள் சான்றாக நிற்கக்கூடும்.