ஐப்பசி பிறக்குமுன் கோவளம் போகும் தண்ணீருக்கு வழிவிடுங்கள்

புரட்டாசியின் கடைசி நாட்களிலிருந்து கார்த்திகை தீபம் வரையுள்ள வாரங்களில்தான் நம் வீடுகளில் விசேஷம் அதிகம். கொலு, ஆயுத பூஜை, தீபாவளி, கந்த சஷ்டி, ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வடகிழக்குப் பருவமழையும் சரியாக இதே வாரங்களில்தான் இறங்குகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில் பெய்வதுதான். பண்டிகைக்குத் தனிக் கணக்கும் மழைக்குத் தனிக் கணக்கும் போட்டுப் பழகிவிட்டோம். தாம்பரம் முதல் கோவளம் வரை வசிப்பவர்கள் இந்த ஆண்டு இரண்டையும் ஒரே கணக்காகப் போட வேண்டும் என்பதே இந்த ஆலோசனை.

காரணம் நில அமைப்பில் இருக்கிறது. முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போய்விடும். ரயில் பாதைக்குக் கிழக்கே கதை வேறு. சேலையூர், செம்பாக்கம் பகுதியில் விழும் மழை செம்பாக்கம் ஏரி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்குகிறது. அந்தக் கால்வாய் கடலுக்கு மிக அருகிலேயே ஓடினாலும் முட்டுக்காடு தாண்டிக் கோவளம் முகத்துவாரத்தை அடையும்வரை கடலில் கலக்க வழி கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீருக்கு அந்த ஒரே வாசல்தான். அங்கே மணல்திட்டு அடைத்திருந்தாலும், கடல் ஏற்றத்தில் இருந்தாலும், தண்ணீர் பின்னுக்குத் தேங்கும். 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலைவரை தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இவ்வளவு நீளமான, இவ்வளவு மெதுவான பாதையில் தெருமுனை வடிகாலின் கம்பிமூடி ஒன்று அடைபட்டாலும் அது சின்ன விஷயம் இல்லை.

"வெள்ளத்துக்குப் பூசணிக்காயும் பட்டாசுக் காகிதமுமா காரணம்? ஏரியை மனையாக்கியதும் சதுப்புநிலத்தைக் குப்பைமேடாக்கியதும் அல்லவா காரணம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் இருந்த பரப்பில் மிகச் சிறு பகுதிதான் இன்று மிஞ்சியிருக்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததால் இழந்த நிலம் திரும்பிவிடாது. அதற்காக அரசைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் பாதை ஏற்கெனவே குறுகிவிட்டது என்பது, அதை இன்னும் அடைக்கலாம் என்பதற்கு அனுமதி ஆகாது. அகலமான வாய்க்கால் பொறுத்துக்கொள்ளும் குப்பையைக் குறுகிய வாய்க்கால் பொறுக்காது. ஏரியை மீட்க ஆண்டுகள் ஆகும். வாசலில் இருக்கும் வடிகால் வாயைத் திறந்து வைக்க அரை மணி நேரம் போதும்.

ஆகவே சரஸ்வதி பூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போதே மொட்டை மாடிக்கும் ஏறிவிடுங்கள். சருகைக் கூட்டி, மழைநீர்க் குழாயின் வாயைத் திறந்து, வடிகட்டும் தொட்டியிலுள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவி மறுபடி போடுங்கள். 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு பல வீடுகளில் குழாயளவில்தான் நிற்கிறது. உங்கள் மாடித் தண்ணீர் உங்கள் கிணற்றுக்குப் போனால் தெருவுக்கு அவ்வளவு பாரம் குறைவு. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் தொட்டிகளின் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் தேங்கிய தண்ணீர் டெங்குக் கொசு வளரப் போதும். கீரை விதைப்பை அடைமழைக்கு முன் முடியுங்கள், அல்லது தை வரை பொறுங்கள்.

ஆயுத பூஜைப் பூசணிக்காயைப் பற்றிச் சொன்னால் நம்பிக்கையில் கை வைப்பதாகச் சிலர் வருந்தலாம். திருஷ்டி கழிய உடைப்பதுதான் சடங்கு. உடைத்ததை நடுரோட்டில் விட்டுப்போவது எந்தச் சடங்கிலும் இல்லை. இரு சக்கர வாகனக்காரர் வழுக்கி விழுவது எந்தத் தெய்வத்துக்கும் உகந்ததில்லை. வாசலோரம் உடையுங்கள், அன்றே அள்ளுங்கள். வாழைக்கன்றையும் தோரணத்தையும் அவிழ்த்ததும் மக்கும் குப்பையில் சேருங்கள். நம் மரபே இதற்குச் சாட்சி: கொலுப் பொம்மையை யாரும் வீசுவதில்லை, துணி சுற்றிப் பரணில் வைத்துத் தலைமுறை தலைமுறையாக எடுக்கிறோம். அந்த அக்கறையை ஏன் பொம்மையோடு நிறுத்த வேண்டும்?

தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டபின் மிஞ்சும் எண்ணெய்தான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. சூட்டோடு சிங்க்கில் ஊற்றினால் குழாயின் சுவரில் படிந்து, சோப்பும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து கெட்டியாகிவிடும். மழை நாளில் கழிவுநீர் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறவைத்து வடிகட்டி, நிறம் மாறாமல் இருந்தால் ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்துங்கள். கருத்துப் பிசுக்காகிவிட்டால் பழைய காகிதத்தில் ஊறவைத்துக் குப்பையில் சேர்ப்பதே சரி. வாணலியையும் காகிதத்தால் துடைத்தபிறகே கழுவுங்கள். பட்டாசுக் காகிதத்தை மதியத்துக்குள் கூட்டித் தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். ஒரு மழை நனைத்தால் அது கூழாகி வடிகாலில் அப்பிக்கொள்ளும்.

இத்தனையையும் தவறவிட்டால் பாரம் இறங்குவது கோவளத்தில். சிவன் கோயிலும் கார்மேல் மாதா ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் அருகருகே நிற்கும் ஊர் அது. 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்ற கடற்கரையும் அங்கேதான். புறநகரின் பிளாஸ்டிக் முகத்துவாரம் வழியாக வெளியேறி அங்குள்ள மீனவர் வலையில் சிக்குகிறது. மழைக்காலத்தில் கடலுக்குப் போகக் கிடைக்கும் நாட்களே குறைவு. அந்த நாளிலும் மீனோடு குப்பையைப் பிரித்துக்கொண்டிருப்பது அவர்கள் தலையெழுத்தாக இருக்கக் கூடாது. தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போகிறவர்கள் பூவையும் மெழுகுவர்த்தியையும் துணிப்பையில் கொண்டுபோங்கள். அலைச்சறுக்குக்கும் குளிக்கவும் போகிறவர்கள் கனமழை பெய்த இரண்டு மூன்று நாட்களுக்கு முகத்துவாரத்தின் பக்கம் இறங்கவே இறங்காதீர்கள். கழிவுநீர் கலந்திருக்கும், நீரின் இழுப்பும் கடுமையாக இருக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து வடிகால் மூடிகளின் மேலே கிடக்கும் குப்பையை அள்ளுங்கள். உள்ளே அடைத்திருந்தால் நீங்கள் இறங்காமல் மாநகராட்சியிடமோ ஊராட்சியிடமோ புகார் கொடுங்கள். மழை தொடங்கிய பின் அந்த மூடியைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.