தே ஓ நிற ஆறும் நம் கடலின் கரிக் கணக்கும்



ஞாயிறு வகுப்பில் படிவம் நான்கு படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணா, கடல் தண்ணிய வச்சே கரியமில வாயுவ இழுக்கிற மெஷின் சிங்கப்பூர்ல வந்துடுச்சாமே. அப்போ காடு போனா என்ன, மெஷின் பாத்துக்கும்தானே?”

நல்ல கேள்வி. நான் வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இயந்திரம் செய்கிற துறை என் துறை. “ஆமாம் தம்பி” என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்லக்கூடாது இல்லையா? அந்தக் கணக்குதான் இந்த மாதப் பாடம். பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

1. கடல் நீரில் கரிவளி என்ன ஆகிறது?

கரியமில வாயுவைத் தமிழ்ப்பள்ளியில் கரிவளி என்று படித்தோம். அந்தப் பெயரையே இங்கும் வைத்துக்கொள்வோம்.

காற்றில் உள்ள கரிவளி கடலில் கரைகிறது. கரைந்தது அப்படியே வாயுவாக இருந்துவிடுவதில்லை. நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அந்த அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிட்டால் பைகார்பனேட். இன்னொன்றையும் கழற்றிவிட்டால் கார்பனேட். கடலில் இப்படிக் கரைந்திருக்கும் கரியில் ஏறத்தாழ 90 விழுக்காடு பைகார்பனேட்தான். வாயு வடிவில் இருப்பது 1 விழுக்காடு அளவே. அதனால்தான் கடல், காற்றைப் போல ஏறத்தாழ 50 மடங்கு கரியைத் தனக்குள் வைத்திருக்க முடிகிறது.

ஆனால் கரிவளி மேலும் மேலும் கரைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் கூடுகின்றன. அவை கார்பனேட்டைப் பிடித்துக்கொள்கின்றன. பவளமும் சிப்பியும் ஓடு கட்டுவதற்கு அந்தக் கார்பனேட் வேண்டும். வீடு கட்டுகிறவனிடமிருந்து செங்கல்லைப் பிடுங்குவது போலத்தான்.

அமிலத்தன்மையை அளக்கும் அளவு பிஎச். எண் குறைந்தால் அமிலம் கூடியது என்று பொருள். தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் பிஎச் சுமார் 8.2. இன்று சுமார் 8.1. “வெறும் 0.1 தானே” என்று நினைத்துவிட வேண்டாம். பிஎச் மடக்கை அளவு. 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 26 விழுக்காடு கூடிவிட்டன என்று அர்த்தம். இந்த 0.1 என்ற எண்ணை மனதில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

2. வீட்டிலேயே ஒரு சோதனை

பூஜைக்குப் பறிக்கும் நீலச் சங்குப்பூ வீட்டில் இருக்கிறதா? நாசி கெராபு சோற்றை நீலமாக்கும் அதே பூதான். பத்துப் பூவைச் சுடுநீரில் போட்டு, நிறம் இறங்கியதும் ஆறவைத்து மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள்.

முதல் குவளையை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் இனிப்பில்லாத, வாயு நிறைந்த சோடாவைச் சேர்த்தால் நிறம் ஊதாப் பக்கம் சாயும். அது கரிவளி செய்த வேலை. மூன்றாவதில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்தால் நீலம் ஊதாவாகாது. கொஞ்சம் பச்சை கூடத் தட்டலாம். சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட்.

இரண்டிலும் கரி இருக்கிறது. வாயுவாகக் கரைந்திருந்தால் அது புளிக்கும். மூடியைத் திறந்தால் ஓடியும் போய்விடும். பைகார்பனேட்டாக இருந்தால் புளிக்காது, அப்படியே தங்கும். கடலுக்கு நல்லது எது, கெட்டது எது என்பதை இந்த இரண்டு குவளைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

3. தே ஓ நிறத் தண்ணீர்

சிலாங்கூரின் வடக்கே, பகாங்கின் தென்கிழக்கே, சரவாக் கரையோரம் போயிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். சில ஆறுகளும் பாரிட்டுகளும் தே ஓ நிறத்தில் ஓடும். அழுக்கு இல்லை. தேயிலையில் சாயம் இறங்குவது போல, மக்காத இலையும் வேரும் மரமும் ஊறிய சாறு அது. அந்த நிலத்தை மலாயில் தானா கம்புட் என்கிறோம்.

கம்புட் நிலம் எப்படி உண்டாகிறது? சதுப்புக் காட்டில் விழும் இலையும் கிளையும் தண்ணீருக்குள் கிடக்கின்றன. அங்கே உயிர்வளி இல்லாததால் நுண்ணுயிரிகளால் முழுதாக மக்கவைக்க முடிவதில்லை. ஆண்டுக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் என்று பல ஆயிரம் ஆண்டுகள் சேர்ந்து, சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. உலர்ந்த கம்புட் மண்ணின் எடையில் ஏறத்தாழ பாதி கரிதான்.

நடவு செய்ய வேண்டுமானால் முதலில் பாரிட் வெட்டி நீரை வடிப்பார்கள். நீர் இறங்கியதும் உயிர்வளி உள்ளே நுழைகிறது. ஆயிரம் ஆண்டு மக்காமல் இருந்தது மக்கத் தொடங்குகிறது. நிலமே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்குகிறது. ஓர் ஆண்டில் இறங்கும் உயரம் மறுபடி சேரப் பல ஆண்டுகள் ஆகும். வறண்ட காலத்தில் தீப்பிடித்தால் புகைமூட்டம். 2015ஐ நாம் மறக்க முடியுமா?

புகைமூட்டம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரோடு போகும் கரி தெரியாது. மத்திய கலிமந்தானில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. காடழிந்த கம்புட் நிலத்திலிருந்து நீர்வழியே வெளியேறும் கரி, காடு அப்படியே இருக்கும் நிலத்தைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம். அதில் பெரும்பகுதி ஆழத்தில் பல நூறு, ஆயிரம் ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த பழைய கரி. தொடாத காட்டிலிருந்தும் தே ஓ நிறத் தண்ணீர் வரும், அது இயற்கை. ஆனால் அந்தக் காடு கொடுப்பது வட்டியைத்தான். வடித்த நிலம் முதலையே கொடுத்துவிடுகிறது.

4. சிங்கப்பூர் நீரிணை சொன்ன செய்தி

இந்தத் தண்ணீர் கடலில் கலந்தபின் என்ன ஆகிறது? இதைப் பார்க்க சிங்கப்பூர் நீரிணை மிக வாய்ப்பான இடம். பருவக்காற்று மாறினால் இங்கே நீரோட்டமும் திசை மாறும். வடகிழக்குப் பருவத்தில் தென்சீனக் கடல் நீர் நேராக வருகிறது. தென்மேற்குப் பருவத்தில், அதாவது மே முதல் செப்டம்பர் வரை, சுமத்ராவின் கம்புட் கரையோர நீரோடு கலந்தபிறகு வருகிறது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு கலப்பதற்கு முன்னும் பின்னும் அளக்கலாம்.

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படித்தான் சில ஆண்டுகள் தொடர்ந்து நீர் மாதிரி எடுத்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிலத்துக் கரி எது, கடல் கரி எது என்று எப்படிப் பிரித்தார்கள்? கரியில் சாதாரண அணுவோடு கொஞ்சம் கனமான கார்பன்-13 அணுவும் உண்டு. காட்டு மரங்களின் கரியில் இந்தக் கனமான அணு, கடல் பாசியின் கரியைவிடக் குறைவு. இந்த விகிதத்தை அளந்தால் கரி எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

அவர்கள் கண்டவை மூன்று.

ஒன்று: கம்புட் நிலத்திலிருந்து கரைந்து வந்த கரியில் 60 முதல் 70 விழுக்காடு, கரையோரக் கடலிலேயே சிதைந்து கரிவளியாக மாறிவிடுகிறது.

இரண்டு: அதனால் அந்தப் பருவத்தில் கடல் நீரின் பிஎச் 0.10 வரை குறைகிறது. மனதில் வைக்கச் சொன்ன எண் ஞாபகம் இருக்கிறதா? உலகக் கடல் தொழிற்புரட்சி முதல் இன்றுவரை கண்ட மாற்றத்தின் அளவு, இங்கே ஒரே பருவத்தில் வந்துபோகிறது. நம் பவளங்கள் இரண்டையும் சேர்த்துச் சுமக்கின்றன. போதாததற்கு, பழுப்பு நீர் சூரிய ஒளியையும் தடுக்கிறது.

மூன்று: நீரிணை தன் மேற்பரப்பு வழியே ஆண்டுக்கு ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 4.0 முதல் 9.1 மோல் கரிவளியைக் காற்றில் விடுகிறது. கடல் கரிவளியை உறிஞ்சும் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். இங்கே அது சோதனையில் பார்த்த சோடா குவளை மாதிரி வெளியே விடுகிறது.

5. துவாஸ் இயந்திரமும் ஆனோடின் கதையும்

இப்போது தம்பி சொன்ன மெஷினுக்கு வருவோம். அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வில் பிறந்த ஈக்குவாட்டிக் நிறுவனம், சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகத்தோடு சேர்ந்து 2023இல் துவாஸில் ஒரு முன்னோடிக் கூடத்தை இயக்கியது. அதன் அளவு நாளுக்கு 100 கிலோ. அடுத்து நாளுக்கு 10 டன் அளவில் பெரிய கூடம் கட்டும் திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள்.

அடிப்படை எளிது. கடல் நீரில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கேத்தோட் பக்கம் ஹைட்ரஜன் வாயுவும் காரத்தன்மையும் உண்டாகின்றன. அந்தக் காரம் கரிவளியைப் பிடித்து பைகார்பனேட்டாகவும் சுண்ணாம்புத் திடப்பொருளாகவும் மாற்றுகிறது. அதாவது சோடா குவளையைச் சமையல் சோடா குவளையாக மாற்றும் வேலை. ஆனோட் பக்கம் உயிர்வளியும் அமிலமும் உண்டாகின்றன. அமிலத்தைப் பாறைத்தூள் கொண்டு சமன்செய்ய வேண்டும்.

எளிது என்றால் ஏன் முன்பே செய்யவில்லை? சிக்கல் உப்பில். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. உயிர்வளி உண்டாக நான்கு எலக்ட்ரான்கள் கைமாற வேண்டும். குளோரின் உண்டாக இரண்டே போதும். குறுக்கு வழி இருந்தால் வேதிவினையும் அதில்தான் போகும். சாதாரண ஆனோட் போட்டால் நச்சு வாயுவான குளோரின் வந்துவிடும்.

இங்கேதான் பொருளறிவியல் கைகொடுக்கிறது. மாங்கனீஸ் ஆக்சைடு போன்ற மெல்லிய பூச்சை ஆனோட் மேல் படியவைத்தால், நீர் மூலக்கூறு உள்ளே போகும், குளோரைடு அயனி தடுக்கப்படும். வடிகட்டி வைத்த கதவு மாதிரி. தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலத்தை நம்பித்தான் முழுத் தொழிற்சாலையும் நிற்கிறது. எனக்கு இந்தத் துறை பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

6. கணக்கைப் போடுவோம்

நாளுக்கு 10 டன் என்றால் ஆண்டுக்கு 3,650 டன்.

ஒரு மோல் கரிவளி 44 கிராம். நீரிணையில் ஒரு சதுர மீட்டர் விடுவது 4.0 × 44 = 176 கிராம் முதல் 9.1 × 44 = சுமார் 400 கிராம் வரை. ஒரு சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் சதுர மீட்டர் என்பதால், சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 176 முதல் 400 டன்.

3,650ஐ 400 ஆல் வகுத்தால் சுமார் 9. 176 ஆல் வகுத்தால் சுமார் 21.

ஆக, அந்தப் பெரிய கூடம் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினாலும், நீரிணையின் 9 முதல் 21 சதுர கிலோமீட்டர் வெளியே விடுவதைத்தான் ஈடுசெய்யும். நீரிணையின் நீளம் 100 கிலோமீட்டருக்கு மேல், அகலம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். மீதியை நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த இயந்திரத்துக்கு மின்சாரமும் வேண்டும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை எரித்துக் கிடைப்பது. அதையும் கழித்தால்தான் உண்மைக் கணக்கு.

இயந்திரம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. சிமெண்ட், எஃகு, கப்பல் இவற்றின் கரிவளியை முழுதாக நிறுத்துவது கடினம். அந்த மிச்சத்துக்கு இத்தகைய இயந்திரங்கள் வேண்டும். ஆனால் தடுக்கக்கூடிய கரியைத் தடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு மின்சாரம் செலவழித்துப் பிடிப்பது பொறியியல் ஆகாது. வருமுன் காப்பதுதான் மலிவு. ஆகவே தம்பிக்கு என் பதில்: மெஷின் மட்டும் பாத்துக்காது.

7. வருமுன் காப்பது எப்படி?

வழி ரொம்பச் சாதாரணம். பாரிட்டை அடைத்து நீரை உயர்த்துவது. பலகையும் மண்மூட்டையும் போதும், ஆனோட் வேண்டாம். 2015 தீக்குப் பிறகு இந்தோனேசியா 2016இல் கம்புட் நிலங்களை மீட்கத் தனி அமைப்பையே உருவாக்கியது. இலக்கு 20 லட்சம் ஹெக்டர். கம்புட் நிலத்தில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. நம் சிலாங்கூரில் ராஜா மூசா காட்டில் 2008 முதல் பாரிட் அடைப்பும் மரக்கன்று நடவும் தன்னார்வலர்களோடு நடந்துவருகின்றன.

நம்மில் பலரின் தாத்தா பாட்டி தோட்டத்தில் உழைத்தவர்கள். செம்பனை நமக்குச் சோறு போட்ட மரம். அதைத் திட்டுவது இந்தப் பாடத்தின் நோக்கம் இல்லை. ஏற்கெனவே நட்ட கம்புட் நிலத்தில் நீர்மட்டத்தை முடிந்தவரை உயர்த்தி வைப்பதும், மிச்சமிருக்கும் சதுப்புக் காட்டில் புதிய பாரிட் வெட்டாமல் இருப்பதும்தான் கேட்பது.

வகுப்பில் கலந்துபேச:

1. சங்குப்பூ சோதனையில் சோடா ஊற்றிய குவளையை இரண்டு மணி நேரம் திறந்துவைத்தால் நிறம் என்ன ஆகிறது? ஏன்?

2. நீரிணையின் முழுப் பரப்புக்கும் ஈடுகட்ட எத்தனை கூடங்கள் வேண்டும்? இரண்டு எல்லை எண்களுக்கும் கணக்கிடுங்கள்.

3. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆறு எங்கே தொடங்குகிறது? வழியில் கம்புட் நிலம் உண்டா? வரைபடத்தில் தேடுங்கள்.

4. எஸ்பிஎம் அல்லது ஓ நிலை முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு: ஆனோட் பூச்சு செய்ய வேதியியலும் பொருளறிவியலும், நீர்மட்டம் காக்க நீரியலும் மண்ணியலும், கடலை அளக்கக் கடலியலும் வேண்டும். இதில் உங்கள் இடம் எது?

நான்காம் கேள்விக்கு இன்றே விடை வேண்டாம். இரண்டாம் கேள்விக்கு அடுத்த ஞாயிறு விடையோடு வாருங்கள்.